மாவோவும் சிட்டுக்குருவியும்

சீனாவில் ஹூனான் என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு விவசாயி வீட்டில் 1893-இல் பிறந்தார் மா சே துங். மாவோ என்றால் உலகத்துக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் உழுபவனுக்கு நிலம் இல்லை. மாவோ விவசாயிகளைத் திரட்டினார். பல ஆண்டுகள் போர் நடந்தது. 1949-இல் அவரது கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஏழைகளுக்கு நிலம் கிடைத்தது. பண்ணையார்கள் பலர் கொல்லப்பட்டார்கள். உங்களைப் போலவே பெரியவர்கள் பலர் எழுத்துக் கற்றார்கள்.

1958-இல் ஓர் உத்தரவு வந்தது. சிட்டுக்குருவி தானியம் தின்கிறதாம். அதை ஒழிக்க வேண்டுமாம்! ஊரே கூடித் தகரம் தட்டியது. குருவிகளை உட்கார விடவில்லை. பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. அப்புறம் என்ன? குருவி தின்னும் பூச்சிகள் பெருகின. பயிரைத் தின்றன.

இதைவிடப் பெரிய தவறும் நடந்தது. அதிகாரிகள் மேலிடத்துக்குப் பயந்து விளைச்சலைக் கூட்டிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. விளைவித்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. 1961-க்குள் கோடிக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். இது தவறு என்று மாவோவுக்கே கடிதம் எழுதிய பாதுகாப்பு அமைச்சர் பதவி இழந்தார்.

1966-இல் கலாச்சாரப் புரட்சி வந்தது. மாணவர்கள் ஆசிரியர்களையே அடித்தார்கள்.

1976-இல் மாவோ இறந்தார். அந்தப் புரட்சி தவறு என்று 1981-இல் அவர் கட்சியே சொன்னது. ஆனாலும் அவர் செய்த நன்மையே பெரிது என்றது. பட்டினியில் பிள்ளையை இழந்த தாய் அப்படிச் சொல்வாளா?

பெய்ஜிங் நகரின் தியானன்மென் வாசலில் அவர் படம் இன்றும் இருக்கிறது.