வணிகக் கல்லூரிகளும் முன்னேற்ற அறிக்கையும்

பரிசளிப்பு விழாவிலே அதிபர் படிக்கும் ஆண்டறிக்கையைக் கேளாதார் இலர். சித்தியெய்தினோர் தொகை, விளையாட்டில் ஈட்டிய வெற்றி, புதிதாய் எழுந்த கட்டடம் ஆகியன அதிலே முறையாக இடம்பெறும். சித்தியெய்தாதோர் தொகையைக் கேட்போர் கழித்துப் பார்த்தே அறிதல் வேண்டும். தன்னைப் பற்றித் தானே எழுதும் அறிக்கை எதற்கும் இயல்பாய் அமைந்த குறை இது. இத்தகைய அறிக்கையொன்றினை உலகின் வணிகக் கல்லூரிகள் பல தாமே விரும்பி ஏற்ற கடமையாக எழுதி வருகின்றன. அது எழுந்த காரணமும் அதனால் விளையும் பயனும் ஆராயத்தக்கன.

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. பிலடெல்பியாவில் வாற்றன் கல்லூரி 1881 இல் தோன்றியது. ஹாவாட் வணிகக் கல்லூரி 1908 இல் நிறுவப்பெற்றது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உரியது போன்றதொரு தொழிலறம் முகாமையாளருக்கும் வாய்க்கும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. எனினும், அந்நூற்றாண்டு முடியுமுன்னரே, பங்குதாரரின் இலாபத்தைப் பெருக்குதலே முகாமையாளரின் கடமை என்னுங் கொள்கை வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது.

அமெரிக்காவின் பெருங் கம்பெனிகளுள் ஒன்றாய் எண்ணப்பட்ட என்ரோன் 2001 டிசெம்பரில் வங்குரோத்து அடைந்தது. கடன்களை வேறு நிறுவனங்களின் பெயரில் மறைத்து, இல்லாத இலாபத்தை உள்ளதாகக் காட்டியமை வெளிப்பட்டது. அதன் தலைமை நிருவாகியாய் இருந்து, 2006 இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ஜெப்ரி ஸ்கிலிங், ஹாவாட் வணிகக் கல்லூரியின் பட்டதாரி. இதனினும் வியப்பைத் தருவது பிறிதொன்று. அக்கம்பெனி 2000 ஆம் ஆண்டில் 64 பக்கங் கொண்ட ஒழுக்கக்கோவை ஒன்றை அச்சிட்டு ஊழியர்க்கு வழங்கியிருந்தது. ஒழுக்கம் கோவையிலே குறைவின்றி இருந்தது, ஐந்தொகையிலேதான் இல்லை. இலண்டன் வணிகக் கல்லூரிப் பேராசிரியர் சுமந்திர கோஷால் எழுதி, அவர் மறைந்தபின் 2005 இல் வெளிவந்த கட்டுரை, இத்தகைய பழியிலே வணிகக் கல்லூரிகளுக்கும் பங்குண்டு என வாதித்தது. ஒழுக்கப் பொறுப்பினின்றும் மாணவரை விடுவிக்குங் கோட்பாடுகளையே அவை விஞ்ஞானமென்று கற்பித்தன என்பது அவர் கருத்து.

ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் கோபி அனான் 1999 இல் டாவோஸ் நகரில் விடுத்த அழைப்பின் பயனாய், கம்பெனிகளுக்கான உலக உடன்பாடு 2000 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கம்பெனிகளை நடத்துவோரைப் பயிற்றுங் கல்லூரிகளும் கட்டுண்ணல் வேண்டுமென்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. கல்லூரித் தலைவர்கள் அறுபதின்மர் அளவிலான குழுவொன்று வகுத்த ‘பொறுப்புள்ள முகாமைத்துவக் கல்விக்கான கோட்பாடுகள்’ 2007 ஜூலையில் ஜெனீவாவில் வெளியிடப்பட்டன. முதலில் ஆறாயிருந்த அவை பின்னர் திருத்தப்பெற்று ஏழாயின. 800 க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவற்றை ஏற்றுள்ளன.

ஏற்றவை ஈராண்டுக்கு ஒருமுறையேனும் முன்னேற்ற அறிக்கை வெளியிடல் வேண்டுமென்பது நெடுங்காலம் வழங்கிய விதி. தலைவர் கையொப்பமிட்ட உறுதிமொழி, செய்த செயல்களின் விவரம், அவற்றின் விளைவு பற்றிய மதிப்பீடு, அடுத்த காலத்துக்குரிய குறிக்கோள்கள் என நான்கு அதில் இடம்பெறல் வேண்டும். அறிக்கை தராத கல்லூரியின் பெயர் பட்டியலினின்றும் நீக்கப்படும். தந்த அறிக்கை மெய்யோ என ஆராயும் கணக்காய்வாளர் மட்டும் இலர். எல்லோருங் காண அதனை வெளியிடுதலே காவலெனக் கொள்ளப்பட்டது.

இக்காவல் போதுமோ என்பதே வினா. செயல்களின் விவரத்தை எழுதுதல் எளிது. ‘நிலைபேறு’ என்னுஞ் சொல்லைத் தலைப்பிலே தாங்கிய பாடங்களையும், நடைபெற்ற சொற்பொழிவுகளையும் எண்ணித் தொகுத்தால் பக்கங்கள் நிரம்பிவிடும். ஒழுக்கவியல் வகுப்பு ஓர் அறையில் நடக்க, ஆலைக் கழிவை ஆற்றில் விடுவதால் ஊரார்க்கு நேருஞ் சேதம் கம்பெனியின் செலவாகாது என்று கணக்கியல் வகுப்பு அடுத்த அறையிற் கற்பிக்குமாயின், அப்பக்கங்களாற் பயன் யாது?

பலர் விரைந்து கடந்துவிடும் நான்காம் பகுதியிலேதான் அறிக்கையின் உயிர் உளது. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வாம். அடுத்த ஈராண்டுக்குள் நிதிப் பாடநெறி முழுவதையும் திருத்தி எழுதுவதாக ஒரு கல்லூரி குறிக்கின்றது. இரண்டாண்டு கழிந்தபின் வரும் அறிக்கையில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. தனியே நோக்கின் இரண்டும் நல்ல அறிக்கைகளே. அருகருகே வைத்துப் படிப்போனுக்கே இடைவெளி புலனாகும். ஆதலின், கணக்காய்வாளரின் இடத்தைப் படிப்போனே நிரப்புதல் வேண்டும். அங்ஙனம் படித்தற்குப் பொறுமையுடையார் அக்கல்லூரியின் ஆசிரியரும் மாணவருமன்றி வேறு யாவர்?

திருத்தப்பெற்ற கோட்பாடுகளுள் இறுதியானது, வெற்றிகளோடு தோல்விகளையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளல் வேண்டுமென்று கூறுகின்றது. விதித்தல் எளிது, தோல்வியை எழுதத் துணியுங் கல்லூரி அதனால் மாணவரை இழக்கவுங் கூடும். இவ்வறிக்கையை எழுதும் அதே கல்லூரி பைனான்சியல் ரைம்ஸ் பத்திரிகையின் தரவரிசையிலும் இடம்பெற விரும்புகின்றது. அவ்வரிசையிலோ பட்டதாரிகள் பெறுஞ் சம்பளத்துக்கே பெரும் பங்கு புள்ளி வழங்கப்படுகின்றது.