பூ பார்த்தால் போதும்

 நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் ஒரே புதையலாக 1531 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கோவைப் பக்கம் பூதிநத்தத்தில் 1891-ல் கிடைத்தவையும் ஆயிரத்துக்கு மேல். இரண்டு இடத்திலும் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களின் தினாரியஸ் எனும் வெள்ளிக்காசுகள். ஆகவே நம் நாட்டில் ரோமானிய வெள்ளிக்காசை இனங்காண நூறு பேரரசர்களின் முகங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முகமே வழிதவறச் செய்யும் என்பேன்: இருவரும் வாகை மாலையோடு வலப்பக்கம் பார்க்கிறார்கள், திபேரியஸின் சாயலையும் அகஸ்டஸை ஒட்டியே செதுக்கினார்கள். நாணயத்தைத் திருப்பிப் பூவைப் பாருங்கள். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்க, இரண்டு இளைஞர்கள் நின்றால் அது அகஸ்டஸ் காசு. அவர்கள் அவர் தத்தெடுத்த பேரர்கள் கையஸும் லூசியஸும். கையில் கிளையோடு ஒரு பெண் அமர்ந்திருந்து, சுற்றிலும் ‘பொன்டிஃப் மாக்சிம்’ என்ற தலைமைப் பூசாரிப் பட்டம் இருந்தால் திபேரியஸ் காசு.

தேய்ந்த காசில் எழுத்து எங்கே தெரியும் என்று கேட்கலாம். எழுத்து போனாலும் நிற்பது இருவரா, அமர்ந்திருப்பது ஒருத்தியா என்பது வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். ஏன் இந்த இரண்டே வகை இவ்வளவு வந்தன? கி.பி. 64-ல் நீரோ ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசுக்குப் பதில் 96 அடிக்கச் செய்து, தரத்தையும் குறைத்தார். வெள்ளியை நிறுத்து வாங்கிய நம் வணிகர்களுக்குப் பழைய காசுதான் உகந்ததாயிருக்கும். அப்படியானால் திபேரியஸ் காசு கிடைத்த மண்ணடுக்கை அவர் காலத்தது என்று சொல்லிவிட முடியாது. காசு அடித்து வெகுகாலம் கழித்தும் இங்கே வந்திருக்கலாம்.

எழுத்து பிழையாக, வெறும் கோடுகளும் வளையங்களுமாக இருந்தால் போலி என்று தூக்கியெறிவதும் அவசரம். லத்தீன் தெரியாத கைகள் ரோமானியக் காசைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த பழங்காலப் பிரதிகள் உண்டு; அவை வரலாற்றுக்குக் கூடுதல் சான்று. இன்றைய கள்ளப் பிரதி வேறு சாதி. அது பெரும்பாலும் அடித்ததல்ல, வார்த்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பரப்பில் ஊசித்துளைகள், விளிம்பைச் சுற்றி ஓர் இணைப்புக்கோடு, சில சமயம் அதை அரம் போட்டு மறைத்த தடம்.