வன்தட்டை மாற்றியபின் விழிக்க மறுக்கும் மடிக்கணினி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

ஏர் பிடிப்பவனுக்கு மாடு எப்படியோ, அறிவியல் பயிலும் மாணவனுக்கு இன்று மடிக்கணினி அப்படி. அது படுத்துவிட்டால் வேலை நின்றுவிடும். மாடு தீனி தின்னாவிட்டால் நாக்கைப் பார், காதைத் தொட்டுப் பார் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. கணினியையும் அப்படியே சோதிக்கலாம் என்பதை நான் சற்றுத் துன்பப்பட்டே கற்றேன். கற்றதை மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், என் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற கணினி அது. அவர் அத்துடன் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றார். கணினி என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பல ஆண்டுகள் உழைத்த அதன் ஹார்ட் டிஸ்க், அதாவது வன்தட்டு, 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பத் தொடங்கி ஒரு நாள் அடங்கிவிட்டது. அம்மா களையெடுத்துச் சேர்த்த பணத்தில் அதற்குப் பதிலாக ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கினேன். மூன்றாமாண்டு படிக்கும் அண்ணன் ஒருவர் அதைத் தம் வீட்டுக் கணினியில் இணைத்து, உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார்.

அதைக் கொண்டுவந்து என் கணினியில் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். கரிய திரையில் ஒரே ஒரு வரி: 'நோ பூட்டபிள் டிவைஸ்'. இயங்கத் தொடங்குவதற்கு உரிய சாதனம் இல்லை என்பது பொருள். பழுது பார்க்கும் கடையில், "மதர்போர்டு போய்விட்டது, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். அம்மாவிடம் மறுபடியும் பணம் கேட்க வாய் வரவில்லை. கணினியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

கணினி விழிக்கும் முறை

நோயை அறிய உடலின் இயக்கம் தெரிய வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கணினி முதலில் வன்தட்டைத் தேடுவதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிரல் முதலில் இயங்குகிறது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. காலந்தொட்டு இதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை அதன் இடத்தைப் பிடித்துள்ளது. இந்நிரல் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதிக்கிறது. அதன் பின்னரே இயங்குதளம் உள்ள வட்டைத் தேடி, அதிலுள்ள தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். 'சாதனம் இல்லை' என்று கணினி சொல்கிறது என்றால், சொல்லும் அளவுக்கு அதற்கு உயிர் இருக்கிறது! செயலி, நினைவகம், திரை மூன்றும் வேலை செய்யாவிட்டால் அந்த வரி திரையில் வந்திராது. ஆகவே அவ்வரியை மட்டும் பார்த்து மதர்போர்டு முழுவதும் பழுது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

திரையே இருண்டிருந்தால்

எழுத்து எதுவும் வராமல் திரை இருண்டே இருந்தால் வழி வேறு. மின் இணைப்பையும், கழற்ற முடிந்தால் மின்கலத்தையும் நீக்கிவிட்டு, பொத்தானை 15 வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும்; உள்ளே எஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். மூடியைத் திறந்தபோது நினைவகப் பலகை (ராம்) அசைந்திருக்கலாம். அதைக் கழற்றி மீண்டும் உறுதியாகச் செருக வேண்டும். புதிய வட்டை எடுத்துவிட்டு இயக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. வட்டு இல்லாமல் திரை ஒளிர்ந்தால் வட்டின்மீதோ அதன் இணைப்பின்மீதோதான் ஐயம் கொள்ள வேண்டும்.

வரி தோன்றினால்

முதலில், வட்டு கண்ணில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். கணினியை இயக்கியதும் எஃப் 2, டெலீட் போன்ற விசையை அழுத்தினால் அமைப்புப் பக்கம் திறக்கும்; விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்கே வட்டின் பெயர் இல்லையென்றால் இணைப்பில் கோளாறு. சாட்டா வகை வட்டில் தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15 என இரு வரிசைத் தொடுமுனைகள் உண்டு. பழைய வன்தட்டு 9.5 மி.மீ. தடிமனாகவும் புதியது 7 மி.மீ. தடிமனாகவும் இருந்தால், வட்டு சற்றே தாழ்ந்து முனைகள் சரியாகப் பதியாமல் போகலாம். சட்டத்தில் திருகாணி முடுக்கிப் பொருத்துவதே முறை. சரியாகப் பொருத்தியும் பெயர் வரவில்லையெனில், வட்டை வேறு கணினியில் சோதிக்க வேண்டும். அங்கே அது தெரிந்தால்தான் மதர்போர்டின் இணைப்பை ஐயுற வேண்டும்.

இரண்டாவதாக, வட்டில் இயங்குதளம் இருக்கிறதா? கடையிலிருந்து வாங்கிய புதிய வட்டு எழுதாத சிலேட்டு. யு.எஸ்.பி. மூலம் இயங்குதளத்தை நிறுவாமல் அது எதையும் தொடங்காது. இது எளிய செய்தியாயினும் பலர் தடுமாறுவது இங்கேதான்.

மூன்றாவதாக, தொடக்க வரிசை. புதிய வட்டின் பெயர் அவ்வரிசையில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

நான்காவது, என்னை வாட்டிய காரணம். பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் தொடக்க நிரலும், வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற அட்டவணையும் இருக்கும். புதிய முறையிலோ தொடக்க நிரல் தனியொரு சிறு பகுதியில் கோப்பாக வைக்கப்படுகிறது. வீட்டைப் புதுப்பித்து வாசலைத் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றிவிட்டார்கள். பழைய விருந்தாளி தெற்குச் சுவரையே தட்டிக்கொண்டு, "வீட்டில் யாரும் இல்லை" என்று திரும்பினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். மூன்றாமாண்டு அண்ணனின் கணினி புதிய முறையில் நிறுவியிருந்தது. என் கணினியின் அமைப்போ 'லெகசி' என்னும் பழைய முறையில் இருந்தது. அதை யு.இ.எஃப்.ஐ. என்று மாற்றிச் சேமித்தேன். அரை நிமிடத்தில் உபுண்டுவின் முகப்பு தோன்றியது. செலவு ஒரு காசும் இல்லை.

பழைய வட்டைப் படியெடுத்தவர்களுக்கு

பழைய வட்டிலுள்ள விண்டோஸை அப்படியே புதியதற்குப் படியெடுப்போரும் உண்டு. அவர்கள் 'சி' பகுதியை மட்டும் எடுத்துத் தொடக்கப் பகுதியை விட்டுவிட்டால் கணினி விழிக்காது. முழு வட்டையும் படியெடுக்க வேண்டும். நீலத்திரையில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், அமைப்புப் பக்கத்தில் சாட்டா முறை (ஏ.எச்.சி.ஐ., ரெய்டு போன்றவை) முன்பிருந்ததிலிருந்து மாறியுள்ளதா என நோக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. ஆதலால் பழைய கணினி வைத்திருப்போர்க்கு லினக்ஸ் நல்ல துணை.

ஒரு குறை மட்டும் என் மனத்தில் நிற்கிறது. 'டிக் டிக்' ஒலி கேட்ட அன்றே கோப்புகளைப் படியெடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அண்ணன் பள்ளிச் சீருடையில் நின்ற படங்கள் அதனுடன் போயின. கேட்டதற்கு, "போகுது விடுடா" என்றார். வன்தட்டு ஓசை எழுப்பினால் நாள் கடத்தாதீர்கள்.

அதன்பின் விடுதி நண்பர்களின் மூன்று கணினிகளைப் பார்த்தேன். ஒன்றில் வட்டு சரியாகச் செருகப்படவில்லை; ஒன்றில் இயங்குதளமே இல்லை; மூன்றாவதில் உண்மையாகவே மதர்போர்டு பழுது. எனவே கடைக்காரர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் கூறவரவில்லை. எளியதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் உண்மை எஞ்சி நிற்கும். ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கப்படும் முறையும் இதுவேயன்றோ? அதை வீட்டிலும் கைக்கொண்டால், நம்மைப் படிக்க வைப்போரின் வியர்வைக் காசு வீணாகாது.