பாதத்தைத் தூக்கும் நரம்பு

நடக்கையில் பாதத்தின் முன்பகுதி தரையில் இழுபடுமாயின், பழுது முழங்காலை அடுத்துச் செல்லும் ஒரு நரம்பில் இருக்கக்கூடும்.

முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியினின்று புறப்படும் நரம்பு வேர்கள் ஒன்றுகூடிச் சியாட்டிக் நரம்பாகின்றன. உடலிலுள்ள நரம்புகளுள் இதுவே மிகப் பருமனானது. தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இது பெரும்பாலும் இரண்டாகப் பிரிகிறது. டிபியல் என்னும் கிளை உட்கணுக்காலின் பின்னே சென்று உள்ளங்காலுக்கு உணர்ச்சி அளிக்கிறது. பெரோனியல் என்னும் கிளை, முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் கழுத்தைச் சுற்றிச் சென்று, பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்குகிறது.

இவ்விரு இடங்களிலும் நரம்பு தோலை ஒட்டியுள்ளது, வெப்பமும் குறைவு. தொழுநோய்க் கிருமி குளிர்ந்த பகுதிகளையே நாடுவதால் நரம்பு அங்கே தடித்து நலிகிறது. பெரோனியல் செயலிழப்பின் பாதம் தொங்கும். டிபியல் செயலிழப்பின் உள்ளங்கால் மரத்து, முள் தைத்ததும் அறியாமற் புண் உண்டாகும். அப்புண்ணுக்குக் காரணம் உணர்ச்சியிழப்பே, தசை தானாக அழுகுவதன்று என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் விளக்கிக் காட்டினார்.

1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகள் கிருமியை அழிப்பன. ஆயின் நெடுநாள் நலிந்த நரம்பை மீட்பன அல்ல. ஆகவே களப்பணியாளரும் ஆசிரியரும் ஐயம் எழுமிடத்துக் குதிகாலால் நடக்கச் செய்து பார்த்தல் நன்று. தொய்வுக்குப் பிற காரணங்களும் உண்டு. எதுவாயினும், குறை தோன்றிய 6 மாதங்களுக்குள் மருத்துவரை அடைந்தால் நரம்பு மீளும் வாய்ப்பு மிகுதி.