பந்தி நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இலை

நூறு இலை போடுகிற கூடத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட முடியுமா? கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர்களைக் கேட்டால் தாராளமாக முடியும் என்பார்கள். பத்துப் பந்தி. ஒரு பந்தி அரை மணி நேரத்தில் எழுந்தால் ஐந்து மணி நேரத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டு முடிப்பார்கள். அதே பந்தி முக்கால் மணி நேரம் இழுத்தால் ஏழரை மணி நேரம் ஆகிவிடும். கூடம் அதேதான், சோறும் அதேதான். வாசலில் நிற்கிற வரிசை மட்டும் தெருமுனையைத் தொட்டுவிடும்.

ஒரு நகரத்தின் பொது விலங்குக் காப்பகமும் இந்தப் பந்திக் கணக்கில்தான் ஓடுகிறது. அழைப்பிதழ் வைத்து, தலை எண்ணி, அரிசி களைகிற கல்யாண வீடு இல்லை அது. எந்த நேரத்தில் யார் வந்தாலும் இலை போட்டாக வேண்டிய அன்னதானக் கூடம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினின் மாநகரக் காப்பகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2013 அக்டோபர் தொடங்கி, அங்கே வந்த ஒவ்வொரு உயிரின் வரவையும் போக்கையும் நகர நிர்வாகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. எப்போது வந்தது, எந்த நிலையில் வந்தது, என்ன ஆனது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் காப்பகம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் எண் உண்டு. பெயரும் இருக்கும். சில பெயர்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அது காப்பக ஊழியர்கள் வைத்த பெயர் என்று பொருள். பெயர் சொல்ல ஆளில்லாமல் வந்த உயிர்கள் அவை. வரவு வகைகள் சில: தெருவில் தனியாகத் திரிந்தது, உரிமையாளரே கொண்டுவந்து ஒப்படைத்தது, காட்டுவிலங்கு, உரிமையாளர் சிறையிலோ மருத்துவமனையிலோ இருப்பதால் பொறுப்பேற்றது. இத்தனை வாசல் வழியாகவும் ஆள் வந்துகொண்டே இருக்கும்.

பெரிய சமையலில் உக்கிராண அறையின் வாசலிலேயே சாமானைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். வண்டு விழுந்த பருப்பு ஒரு மூட்டை உள்ளே போனால் அத்தனை மூட்டையும் போச்சு. காப்பக வாசலிலும் முதல் சில நிமிடங்களில் இரண்டு வேலை நடந்துவிட வேண்டும். ஒன்று, தடுப்பூசி. வீட்டு நாய்க்கு நாள் பார்த்துப் போடலாம். காப்பகத்தில் நுழைகிற நாய்க்கு உள்ளே காலெடுத்து வைக்கும்போதே போட வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்கள் கூட்டத்துக்குள் புகுந்தால் குட்டிகள்தான் முதலில் விழும். இரண்டு, தோள்பட்டைப் பக்கம் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியால் தடவிப் பார்ப்பது. ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும். அதற்குள் இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணை ஒரு தரவுத்தளத்தில் தேடினால், உரிமையாளர் கடைசியாகப் பதிந்த தொலைபேசி எண் கிடைக்கும்.

இந்தச் சின்னச் சிப்பின் பலன் பெரிது. அமெரிக்காவின் 53 காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டது. தெருவில் கிடைத்து வந்த நாய்களில் மொத்தமாக ஏறத்தாழ 22 சதவீதம்தான் வீடு திரும்பின. சிப் இருந்த நாய்களில் 52 சதவீதம். பூனைகளின் கணக்கைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. சிப் இருந்தவற்றில் 38 சதவீதத்துக்கு மேல். சிப் இருந்தும் திரும்பாதவை ஏன் திரும்பவில்லை? பல வீடுகளில் தொலைபேசி எண் மாறியிருந்தது, அல்லது சிப்பை யாரும் பதிவே செய்யவில்லை.

சொந்தக்காரர் தேடி வருவதற்காக ஆஸ்டினில் 72 மணி நேரம் காத்திருக்கிறார்கள். அதற்குள் யாரும் வராவிட்டால் விலங்கு நகரத்தின் பொறுப்பாகிறது. அதன் பிறகு தத்துக்கு வைக்கலாம், வேறு அமைப்புக்கு அனுப்பலாம்.

இனிப் பின்கட்டு. எந்தச் சமையல்கூடத்தின் யோக்கியதையும் பாத்திரம் கழுவுமிடத்தில் தெரிந்துவிடும். காப்பகமும் அப்படித்தான். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிசுக்கு ஒட்டிய அண்டாவில் வெந்நீரை ஊற்றிவிட்டால் சுத்தமாகிவிடாது. முதலில் தேய்க்க வேண்டும். மலம், முடி, உணவுத் துணுக்கு எல்லாவற்றையும் அகற்றிய பிறகுதான் கிருமிநாசினி வேலை செய்யும். ஊற்றியதும் துடைத்துவிடாமல், அதற்குரிய நேரம் ஈரத்தோடு விட வேண்டும். கூண்டும் இரட்டைத் தடுப்பாக இருப்பதுதான் நல்லது. ஒரு பக்கம் கழுவும்போது விலங்கு மறுபக்கம் இருக்கும். கையால் தூக்க வேண்டியதில்லை, ஒன்றின் கிருமி இன்னொன்றுக்குப் போகாது. சாப்பிடும் இடமும் மலம் கழிக்கும் இடமும் தள்ளியிருக்கும். கழுவும் வரிசை எப்போதும் ஆரோக்கியமான குட்டிகளிடம் தொடங்கி நோயாளிகளிடம் முடியும். எந்த மாநகரக் காப்பகத்தையும் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையை விட்டுவிட்டு இந்த வேலையைக் கவனிக்கட்டும் என்பேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு காப்பகத்துக்கு நாளொன்றுக்கு 30 விலங்குகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சராசரியாகப் பத்து நாள் தங்கினால் எப்போதும் 300 விலங்குகள் உள்ளே இருக்கும். பதினைந்து நாள் தங்கினால் 450. வரவு ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனால் 150 கூண்டு பற்றாக்குறை. மருத்துவருக்கு நேரம் இல்லாமல் கருத்தடை இரண்டு நாள் தள்ளிப்போவது, தத்துப் படிவத்தைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு நாள் போவது, படம் எடுத்துப் போட மறந்து இன்னும் ஒரு நாள் போவது: இந்தச் சின்னச் சின்னத் தாமதங்கள் சேர்ந்துதான் கூடத்தை நிரப்புகின்றன. நெரிசல் வந்தால் நோய் வரும், நோய் வந்தால் தங்கும் நாள் கூடும், நாள் கூடினால் நெரிசல் இன்னும் கூடும். இடம் போதவில்லை என்று புதுக் கட்டடம் கேட்பவர்கள் முதலில் தங்கும் நாளைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைக்காமல் கட்டினால் புதுக் கூடமும் அதே வேகத்தில் நிரம்பும்.

தங்கும் நாளைக் குறைப்பதில் ஊரின் பங்கு பெரிது. கல்யாணத்துக்கு அடுப்பு போதாதபோது பக்கத்து வீடுகளில் பால் காய்ச்சித் தருவார்களே, அந்த வேலையைத் தற்காலிக வளர்ப்பு வீடுகள் செய்கின்றன. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பூனைக்குட்டிக்கு இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டியில் பால் தர வேண்டும். எந்த ஊழியரும் ஷிஃப்ட் முறையில் இதை ஐம்பது குட்டிகளுக்குச் செய்ய முடியாது. ஒரு குடும்பம் இரண்டு குட்டிகளைச் சில வாரம் வீட்டில் வைத்துக்கொண்டால் அவை பிழைக்கும்.

பத்தியச் சாப்பாட்டுக்குத் தனி அடுப்பு வேண்டும். நோயுற்ற விலங்குக்கும் அப்படித்தான். ஆஸ்டினில் அதை மூட்டியது 'ஆஸ்டின் பெட்ஸ் அலைவ்' என்ற தன்னார்வ அமைப்பு. 1997இல் தொடங்கிய அதை, 2008இல் எல்லன் ஜெஃபர்சன் என்ற கால்நடை மருத்துவர் புதிதாக எழுப்பினார். மாநகரக் காப்பகத்தில் மறுநாள் கருணைக்கொலை செய்யப்படவிருந்த விலங்குகளின் பட்டியலை வாங்கி, அவற்றை எடுத்துப்போவதுதான் அவர்கள் வேலை. பார்வோ குட்டிகளுக்கு ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு, பால்மறவாப் பூனைக்குட்டிகளுக்கு ஒரு பிரிவு என்று, சாவின் காரணம் எதுவோ அதற்கென்று ஓர் அடுப்பை வைத்தார்கள். 2010இல் நகர மன்றம் 90 சதவீத உயிர்களைக் காப்பதை இலக்காக்கியது. அடுத்த ஆண்டே காப்பகம் அதை எட்டிவிட்டது. 2019இல் இலக்கு 95 ஆனது. மீதமுள்ளவை மீளவே முடியாத நோயிலும் வலியிலும் இருப்பவை, மனிதருக்கு ஆபத்தானவை என்பது ஏற்பாடு. நாடு முழுவதும் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பின் மதிப்பீட்டின்படி, அமெரிக்கக் காப்பகங்களில் 2011இல் ஆண்டுக்கு 26 லட்சமாக இருந்த கருணைக்கொலை 2019இல் 9.2 லட்சத்துக்கு இறங்கியது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடம் நிரம்பியபோது அண்மை ஆண்டுகளில் ஆஸ்டினும் அவசரமானவை தவிர மற்றவற்றைப் பெறாமல் வாசலைச் சாத்த வேண்டி வந்தது. உள்ளே வராத நாய் சதவீதக் கணக்கில் வராது. தெருவில் அது அடிபட்டாலும் பதிவேட்டில் ஏறாது. ஆகவே காப்பாற்றிய சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு காப்பகத்தை மெச்சக் கூடாது. வாசல் எத்தனை நாள் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நாய் பூனை வளர்க்காதவருக்கும் இந்தக் கூடம் சோறு போடுகிறது. கடித்த நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கவனிப்பது காப்பக வேலை. எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்தால் அந்த நாட்களுக்குள் நாய் நோய்க்குறி காட்டிவிடும். ஆஸ்டினின் காங்கிரஸ் அவென்யூ பாலத்தடியில் கோடையில் பதினைந்து லட்சம் வரை வௌவால்கள் தங்குகின்றன. மனிதர் மேல் பட்ட வௌவால் காப்பகத்துக்கு வருகிறது. வெறிநோயை மூளைத் திசுவில்தான் உறுதி செய்ய முடியும் என்பதால் அதைக் கொன்றுதான் சோதிக்கிறார்கள். பதிவேட்டில் கருணைக்கொலைக்குக் காரணம் 'வெறிநோய் அபாயம்' என்றிருக்கும் வரிகளில் வௌவால்கள் நிறைய. வருத்தமான வேலைதான். ஒரு குழந்தைக்கு ஊசி தேவையா இல்லையா என்பது அதில் தெரிகிறது.

பந்திக்கு வராமலே பசியாறுகிறவர்களும் உண்டு. வாடகை வீட்டுக்காரர் ஒப்பவில்லை, தீவனத்துக்குக் காசில்லை, ஒரு காயத்துக்கு மருத்துவச் செலவு தாங்கவில்லை: நாயை ஒப்படைக்க வருகிறவர்களில் பலர் அழுதுகொண்டுதான் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு மூட்டைத் தீவனமும் மலிவான ஊசியும் கொடுத்தால் நாய் வீட்டிலேயே இருக்கும். ஒரு மாதக் கூண்டுச் செலவைவிட இது குறைவு. ஆஸ்டினில் 1999இல் தொடங்கிய 'இமான்சிபெட்' என்ற அமைப்பு குறைந்த செலவில் கருத்தடை செய்துவருவதும் இதே வழியில்தான்.

நம் ஊர் முறை வேறு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. ஆனாலும் வீட்டு நாய்க்கு அதே பந்திக் கணக்கு இங்கும் பொருந்தும். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. அடையாளம் இருக்கிற நாய் தொலைந்த அன்றே வீடு திரும்பக்கூடும். அதன் இலை வேறொரு நாய்க்குக் கிடைக்கும். தீபாவளி வெடிச் சத்தத்தில் கதவைத் தாண்டி ஓடிய நாயைத் தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இந்த வாரமே சிப் போடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், பதிவில் இருப்பது உங்கள் இப்போதைய தொலைபேசி எண்தானா என்று இன்றைக்கே பாருங்கள்.