சிறுநீரகத்தைக் காக்குமா மூலிகைச் சாறு? ஆய்வகத்துக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரம்

தாதர் (மும்பை): நாவல் கொட்டைத் தூள், ஆவாரம்பூ, சீந்தில் கொடி. தாதர், மாட்டுங்கா, தாராவி பகுதிகளில் நீரிழிவு நோயாளிகள் உள்ள தமிழர் வீடுகளுக்கு இவை புதியவை அல்ல. மூலிகைச் சாறு சிறுநீரகச் செல்களைக் காப்பதாக வெளியாகும் ஆய்வுச் செய்திகள் அந்த நம்பிக்கையை மேலும் வலுப்படுத்துகின்றன.

இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் 'எச்கே-2' எனப்படும் மனித சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படுகின்றன. வழக்கமான 5.5 மில்லிமோல் குளுக்கோஸுக்குப் பதிலாக 30 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்குச் சுமார் 540 மில்லிகிராம், சேர்க்கப்படுகிறது. செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, அழற்சி தோன்றி, செல்கள் மடிகின்றன. சாறு சேர்த்த தட்டில் மடிவது குறைந்தால் 'பாதுகாப்பு' என்று பதிவாகிறது.

ஆனால் தட்டில் சாறு செல் மீது நேரடியாகப் படுகிறது. அருந்தும் கஷாயமோ குடலில் சிதைந்து, கல்லீரலில் உருமாறிய பிறகே ரத்தத்தில் கலக்கிறது. அதே செறிவு சிறுநீரகத்தை எட்டுமா என்பதைத் தட்டு சொல்லாது.

அந்தத் தூரத்தைக் கடந்த தாவரப் பொருளும் உண்டு. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட ஃப்ளோரிசின், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதை 1886-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மெரிங் கண்டறிந்தார். குடலிலேயே சிதைந்துவிடுவதால் அது மருந்தாகவில்லை. அதன் வடிவமைப்பைப் பின்பற்றி உருவான டபாக்ளிஃப்ளோசின், 4,304 சிறுநீரக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. சிறுநீரகச் செயல்திறன் பெருமளவு சரிதல், செயலிழப்பு, சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவற்றின் ஒட்டுமொத்த அபாயம் 39 சதவீதம் குறைந்ததாக 2020-இல் முடிவு வெளியானது. பட்டையிலிருந்து மாத்திரைக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள்!

எதிர்த்திசையிலும் உதாரணங்கள் உள்ளன. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் எடைக் குறைப்புக்காக அளிக்கப்பட்ட மூலிகைக் கலவையில் அரிஸ்டலோகியா தாவரம் தவறுதலாகக் கலந்ததால், நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினத்தைச் சேர்ந்ததே. சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் தெரிவித்தனர். ஒத்த தோற்றமுள்ள வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. கடையில் வாங்குபவருக்கு அந்த வேறுபாடு தெரியவா போகிறது?

மூலிகை உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவதும், வழக்கமான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல் இருப்பதும் அவசியம். தொடக்கநிலைச் சிறுநீரகப் பாதிப்புக்கு அறிகுறி இருப்பதில்லை. சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் ஆகிய 2 பரிசோதனைகளை நீரிழிவு நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்ள வேண்டும்.