ஸ்டியரிங் ஆட்டமும் கிங்பின் புஷ்ஷும்

தம்மம்பட்டி வட்டாரத்தில் விளைபொருள் சுமக்கும் பழைய பிக்கப் வண்டிகளுள், முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இருசில் அமைந்தவற்றில் ஸ்டியரிங் ஆடுமாயின் காலந் தாழ்த்தலாகாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆங்கு இத்தளர்ச்சி உயிருக்கே ஊறு செய்யும்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரப் பேரிங்கையும், நில்லாவிடில் கிங்பின் புஷ்ஷையும் கவனிக்க வேண்டும்.

வண்டியின் மாதிரியையும் ஆண்டையும் கூறியே புஷ் வாங்குக. தேய்ந்த கிங்பின்னுக்குப் புதுப் புஷ் இடுவது வீண் செலவாகும். இரண்டையும் இருபுறமும் ஒருங்கே மாற்றுதல் நலம். கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக அமைதல் வேண்டும். பொருத்திய பின் ரீமரால் அளவாகக் கடைக. தவறாது கிரீஸ் இடுவதே புஷ்ஷின் ஆயுளை வளர்க்கும்.